பசியாறினதும் ஊசி

ஜூன் 12, திங்கள்

கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்க்கிற மிஸ்ஸி, மனதில் இருப்பதைத் தினமும் எழுதுங்கள் அம்மா, தூக்கம் வரும் என்றாள். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். படிக்கப் போகிறவர்களும் யாரும் இல்லை.

என் வீட்டுக்காரர் இறந்து இன்றோடு இருபது நாள். மே மாதம் 22, திங்கட்கிழமை காலை, பாசார் சந்தைக்கு நடந்துபோன வழியில் விழுந்தார். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் போய்விட்டார். இனிப்பு நீர் வியாதிக்காரர். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறார், அதனால் உடம்பில் சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

ஊசியை அவர் தானாகப் போட்டுக்கொள்ள மாட்டார். சட்டையைத் தூக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறு வருஷமாக நான்தான் போட்டேன். அன்றைக்கு நான் சுங்கை பட்டாணியில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவுக்கு முட்டி வலி. ஊசி போட்டது மருமகள், நான் போடுவதைப் பார்த்துப் பழகினவள்.

மருமகள் பெயர் சிவரஞ்சனி. தமிழ்நாட்டில் அறந்தாங்கிப் பக்கம். கல்யாணம் முடிந்து பினாங்குக்கு வந்து அப்போது ஐந்து வாரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் நிற்கும்போது அவளைக் கேட்டேன். “மாமா பசியாறினப்புறந்தான் போட்டேன் அத்த” என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தேன். தோசை மாவு அப்படியே இருந்தது. கழுவாத தட்டு இல்லை, கழுவின தட்டும் இல்லை. பொய்.

அன்றைக்கே வாய்க்கு வந்தபடி திட்டினேன், ஊர் முழுக்கச் சொன்னேன். அதன்பிறகு அவளோடு எனக்குப் பேச்சில்லை. அவள் கையால் சாப்பிடுவதும் இல்லை. காலையில் வெளியே போய்ப் பசியாறிக்கொள்கிறேன்.

ஜூன் 13, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. மிஸ்ஸி சொன்னது பொய்.

ஜூன் 15, வியாழன்

ஒரு முடிவு செய்திருக்கிறேன். அவர் காலையில் போகிற கடைகள் எல்லாவற்றுக்கும் நானும் போவேன். அன்றைக்கு ஊசிக்கு முன்னே ஒரு நடை வந்து எங்கேயாவது ஒரு வாய் சாப்பிட்டாரா என்று கேட்பேன். யாராவது ஒருவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் சொன்னது உண்மை என்று வைத்துக்கொள்வேன். பிறகு அவள்மேல் ஒரு குறை பேச மாட்டேன். நியாயம் பார்க்க வேண்டும் அல்லவா.

முதலில் சீனி பாய் ரொட்டிக் கடை. பாசார் முனையில் இருக்கிறது. ஆறரை மணிக்கே நாற்காலி இல்லை. சீனி பாய் மாவை விசிறி விசிறி வீசுகிறார், பார்க்கிறவர் தலையில் விழும்போல இருக்கிறது, விழவில்லை. பருப்புக் குழம்பில் ரொட்டியை நனைத்துச் சாப்பிட்டேன். முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊரில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். காலையில் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது இந்த மூன்று வாரமாகத்தான்.

“சிங்காரம் அண்ணன் சம்சாரமா? சொல்லலயே அக்கா. காசு வாங்கியிருக்க மாட்டனே.”

“காசு கெடக்கட்டும் பாய். அன்னிக்குத் திங்கக்கெழம இங்க சாப்புட்டாரா?”

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கடைக்காரர் உட்கார்ந்தால் நல்ல சேதி இல்லை.

“வந்துக்கிட்டு இருந்தாருக்கா. அந்தா, அந்த வெளக்குக் கம்பத்துக்கிட்ட. ஆடி ஆடி வந்தாரு. சட்டையெல்லாம் வேர்த்து நனஞ்சிருக்கு. நாங்க, வந்து, காலையிலயே போட்டுட்டாருபோலன்னு நெனச்சோம். ஒரு ஆளு சிரிச்சான்கூட. அப்புறம் விழுந்துட்டாரு.”

“அவரு குடிக்க மாட்டாரு பாய்.”

“தெரியும்க்கா. எனக்குத் தெரியும். இருந்தும் அப்படி நெனச்சுட்டேன்.”

பாய் கடையில் சாப்பிடவில்லை. ஒரு கடை முடிந்தது.

ஜூன் 17, சனி

இரண்டாவது, கக் ரோஸ்னாவின் நாசி லெமாக் மேசை. மலாய்க்காரி, என் வயதுதான் இருக்கும். வாழை இலையில் தேங்காய்ப் பால் சோறு, சம்பல், நெத்திலி, கால் முட்டை. கைப்பிடி அளவு பொட்டலம். அவள் பேசுகிற மலாய் எனக்குப் பாதிதான் புரியும். நான் பேசுவது பாசார் மலாய்.

உன் புருஷன் நல்ல மனுஷன் என்றாள். எப்போதும் இரண்டு பொட்டலம் வாங்குவாராம். கடைசி மாதம் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருவாராம். எந்தப் பெண் என்றேன். உன் மருமகள், இந்தியாவிலிருந்து வந்தவள் என்றாள். ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக் காட்டி இதன் பெயர் இது, அதன் பெயர் அது என்று சொல்லிக்கொடுப்பாராம். அந்தப் பெண் சம்பல் தின்று கண்ணில் தண்ணீர் வர, இவர் சிரிப்பாராம். அப்பா மகள் போல இருப்பார்கள் என்றாள்.

என்னை ஒருநாளும் இங்கே கூட்டிவந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை வந்தாரா என்றேன். வரவில்லை. ஏன் வரவில்லை என்று அன்றைக்கே நினைத்தாளாம்.

பொட்டலத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் புடவையை உதறி உதறிப் போட்டாள். பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 18, ஞாயிறு

மகன் தேவாவுக்கு இன்று லீவு. பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இராத்திரி ஷிப்ட். அவன் அப்பா விழுந்த அன்றைக்கும் வேலையில்தான் இருந்தான்.

அவனிடம் சொல்லிவிட்டேன். அவளுடைய விசா அடுத்த மாதம் எட்டாம் தேதி முடிகிறது, நீட்டிக்க நீ கையெழுத்துப் போடாதே, ஊருக்கு அனுப்பிவிடு.

“அனுப்பினா அங்க என்ன பேசுவாங்க தெரியுமாம்மா?”

“என்னவோ பேசட்டும்.”

“மாமனார முழுங்கிட்டு வந்தவன்னு பேசுவாங்க. அவங்க அம்மா ஒண்டியா இருக்காங்க. தங்கச்சி ஒண்ணு கல்யாணத்துக்கு நிக்குது.”

“ஒங்க அப்பா ஒண்டியா விழுந்து கெடந்தாருடா நடுரோட்டுல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சரிம்மா என்றான். எதிர்த்துப் பேசுவான், இரண்டு நாள் சண்டை இருக்கும் என்று நினைத்திருந்தேன். இவ்வளவு சுலபமாகச் சரி என்றது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஜூன் 20, செவ்வாய்

ஐஸ்பெட்டிக் கதவைத் துடைத்தேன். நான் ஒட்டியிருந்த சீட்டு இல்லை. ஒட்டுநாடாவின் பசை மட்டும் நாலு மூலையிலும் இருக்கிறது. அக்கா வீட்டுக்குப் போகிற அன்று, ஊசி எப்போது எவ்வளவு என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். அவள்தான் கிழித்திருப்பாள். எதற்கு?

ஜூன் 23, வெள்ளி

மீன் பாசாருக்குப் போனேன். அவர் இருந்தபோது வெள்ளிக்கிழமை மீன் வாங்கமாட்டோம். இப்போது யார் கேட்கிறார்கள். கெம்போங் மீன் கண் தெளிவாக இருந்தது. வாங்கி வந்தபின் எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

மீன் கடை வரிசை முழுக்க ஐஸ் தண்ணீர். செருப்பு வழுக்கியது. பின்னால் ஒரு கை வந்து முழங்கையைப் பிடித்தது. திரும்பினால் ரஞ்சனி. வீட்டிலிருந்தே என் பின்னால் வந்திருக்கிறாள்.

“வழுக்குதுத்த. பாத்து.”

கையை உதறிக்கொண்டேன். வெட்டுக்கட்டையில் கத்தியை வைத்துக்கொண்டு சீனன் எங்கள் இருவரையும் பார்த்தான்.

எதற்காகப் பின்னால் வருகிறாள்? நான் யார் யாரிடம் என்ன கேட்கிறேன் என்று பார்க்கவா? அவள் பயப்படுகிறாள். பயப்படட்டும்.

இன்று விசாரித்தது கோப்பிக் கடை, அப்பக் கடை. இரண்டிலும் அவர் வரவில்லை. மொத்தம் நாலு.

ஜூன் 24, சனி

தேவா டிக்கெட் எடுத்துவிட்டான். ஜூலை 2, ஞாயிறு. மத்தியானம் பஸ்ஸில் கோலாலம்பூர், அங்கிருந்து திருச்சி.

நான் நல்லவள் இல்லை என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். அக்காவுக்கு முட்டி வலி இல்லை. மே 21 ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் வாழை இலை இருந்தது. இத்தனை வருஷம் அளந்து அளந்து ஆக்கிப்போடுகிறேன், இவர் ஒளித்து ஒளித்துத் தின்கிறார். சண்டை வந்தது. பையில் நாலு துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மருமகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவள்மேலும் கோபம். இவரோடு பாசாருக்குப் போய் வருகிறவள் அவள்தானே. அதனால்தான் வாயால் சொல்லாமல் சீட்டு எழுதி ஒட்டினேன்.

வாசலில் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அதை எழுத மாட்டேன்.

ஜூன் 28, புதன்

காலையில் இடியப்பக் கடை. ஐந்தாவது. இதுதான் கடைசி.

கமலவேணி என்ற பெண் நடத்துகிறாள். பாசாருக்குள்ளே, வாழைத்தார் தொங்கவிட்ட கடைக்குப் பக்கத்தில். மூங்கில் தட்டில் இடியப்பம் ஆவி பறக்கும். தேங்காய்ப்பூவும் நாட்டுச் சீனியும் தூவித் தருவாள். அவருக்கு ஆகாது. அதனால் இங்கே வந்திருக்க மாட்டார் என்று கடைசிக்கு வைத்திருந்தேன்.

நான் போனபோது ரஞ்சனி எனக்கு முன்னால் அங்கே நின்றாள். தேவா தேங்காய் வாங்க அனுப்பியிருக்கிறான். என்னைப் பார்க்கவில்லை. வாழைத்தார்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கமலவேணி அவளைக் கேட்டாள். “பசியாறிட்டியா பாப்பா?”

“ஆறிடுச்சுக்கா.”

“என்னா பசியாறுன? மொகம் வாடிக் கெடக்கு.”

“எந்திரிச்சப்ப நல்லாப் பசிச்சுச்சு. ரெண்டு சொம்புத் தண்ணியக் குடிச்சேன். ஆறிடுச்சு.”

“தண்ணி குடிச்சா பசியாறுனதாவுமா? என்னா சாப்புட்டன்னு கேக்குறேன்.”

“ஒண்ணுஞ் சாப்புடலயேக்கா. பசி ஆறிடுச்சான்னுதான கேட்டீங்க.”

கமலவேணி சிரித்துவிட்டாள். “அட ஏம்மா, இங்க பசியாறுறதுன்னா காலச் சாப்பாடுலா. காலயில சாப்புட்டியான்னு கேக்குறதத்தான் பசியாறிட்டியான்னு கேப்போம். ஒங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டீங்களா?”

“சொல்ல மாட்டோம்க்கா” என்று அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நின்றுபோனாள். வாய் திறந்தபடியே இருந்தது. கையில் தேங்காய். கமலவேணி, என்ன பாப்பா, என்ன என்று கேட்கிறாள். அவளுக்குக் காது கேட்கவில்லை.

திரும்பினாள். வாழைத்தாருக்கு நடுவில் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தேங்காயைப் பலகைமேல் மெதுவாக வைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

கமலவேணியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது இல்லாமல் போய்விட்டது.

அந்தச் சீட்டில் நான் எழுதியது இதுதான். பசியாறினதும் ஊசி. 14.

ஜூன் 29, வியாழன்

மழை. துணி காயவில்லை. நான் எழுதியது சரியான தமிழ்தான். இந்த ஊரில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சரியாகச் சொல்வார்கள்.

ஜூன் 30, வெள்ளி

அவள் இன்னும் தேவாவிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அறைக்குள் அவர்கள் பேசுகிற சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும், அவன் வந்து, ஏம்மா என்று கேட்கப் போகிறான் என்று உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை. சோறு போட்டுத் தின்கிறான். வேலைக்குப் போகிறான்.

பெட்டி கட்டியாகிவிட்டது. கூடத்தில் நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குப் போக வேண்டியிருக்கிறது.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அது போய்விடும். இதை எழுதின கைக்கு வெட்கம் இல்லை. எழுதிவிட்டது.

அன்றைக்கு வாசலில் அவரிடம் சொன்னது: “கடை கடையாத் தின்னே சாவுங்க.” அதற்கு அவர், பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டார்.

ஜூலை 1, சனி

காலையில் தேவா வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது கேட்டேன்.

“ஐஸ்பொட்டியில ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். பாத்தியா?”

சட்டை பாதி கழற்றினபடியே நின்றான். “எங்கிட்டதாம்மா இருக்கு.”

“எப்ப எடுத்த?”

“அன்னிக்கே. ஆஸ்பத்திரியிலேருந்து அப்பா பையை எடுக்க வந்தேன்ல, அப்ப. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அவ கோப்பி மட்டும் குடுத்தேன், பசி இல்லன்னாரு, ஊசி போட்டேன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா. என்னடா இவன்னு நெனச்சேன். சீட்டப் பாத்தேன். புரிஞ்சுது.”

 நாற்காலியில் அவன் பை இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன்.

“அவளுக்கு?”

“புதன்கெழம வந்து கேட்டா. ஆமான்னு சொன்னேன்.”

“ஏண்டா எங்கிட்டச் சொல்லல? அவளத் திட்டினேன். ஊரு பூரா சொன்னேன். அப்பவெல்லாம் வாய மூடிக்கிட்டு நின்னியேடா.”

“ஒங்க கையெழுத்தும்மா அது. அப்பாவும் போயி, நீங்களும் இது தெரிஞ்சு போயிட்டீங்கன்னா நான் என்னா பண்ணுவேன்? யாராவது ஒரு ஆளு தாங்கித்தான் ஆவணும். அவ சின்ன வயசு. தாங்கிக்குவா.”

“அவ என்னா சொன்னா?”

“போயிடுறேன்னா.”

“நீ என்னா சொன்ன?”

“டிக்கெட் எடுத்தாச்சேன்னு சொன்னேன்.”

குளிக்கப் போய்விட்டான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இவனை நான்தான் பெற்றேன். எனக்காகத்தான் செய்திருக்கிறான். இருந்தாலும் அவன் வெளியே வருவதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

காலையில் அவள் அறைக்குப் போனேன். நாற்பது நாளாக ஒரு வார்த்தை பேசாத வாய், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வாசலில் நின்றேன். அவள்தான் உள்ளே வாங்கத்த என்றாள்.

“அன்னிக்கு என்னா நடந்துச்சு? இப்ப சொல்லு.”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எந்திரிச்சதும் பசிக்குதுன்னாங்க. தோசை ஊத்தவா மாமான்னு கேட்டேன். ஒங்க அத்த இல்லாம எனக்கு எறங்காதும்மா, கோப்பி மட்டும் குடு, சீனி வேணான்னாங்க. குடுத்தேன். கொஞ்ச நேரங் கழிச்சுக் கேட்டேன், இப்ப பசி இல்லன்னாங்க. சீட்டப் பாத்தேன். பசி ஆறினதும் ஊசின்னு இருந்துச்சு. போட்டேன். ஒரு மணி நேரம் பேப்பர் படிச்சுட்டு வெளிய போனாங்க.”

“போவாதம்மா” என்றேன். “தேவாகிட்ட நான் பேசுறேன். இங்கயே இரு.”

“இல்லத்த. நீங்க திட்டினீங்க, தெரியாமத் திட்டினீங்க. அவங்க தெரிஞ்சுக்கிட்டு நின்னாங்க. அந்தாளோட நான் எப்படி இருக்க?”

கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஒண்ணே ஒண்ணு செய்யுங்க” என்றாள். “எங்கம்மாகிட்டக் காட்ட ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. நாங் கொல்லலன்னு.”

எழுதினேன். முதல் தாளில், ரஞ்சனி மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் விதி என்று எழுதினேன். அவளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். என்ன புரிகிறது சொல்லு என்றேன்.

“விதின்னு போட்டா எங்க ஊருல என் ராசின்னு படிப்பாங்கத்த.”

இரண்டாவது தாளில், நான் எழுதின சீட்டை அவள் தவறாகப் புரிந்துகொண்டாள் என்று எழுதினேன். படித்தாள்.

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்னா, தப்பு அப்பவும் நாந்தானத்த.”

மூன்றாவது தாள் எழுத வெகுநேரம் ஆனது. சாப்பிட்ட பிறகு ஊசி போட வேண்டும் என்பதை நான் அவளிடம் வாயால் சொல்லவில்லை. கோபத்தில், எங்கள் ஊருக்கு மட்டும் தெரிந்த வார்த்தையில் எழுதி ஒட்டிவிட்டுப் போனேன். அவள் நான் எழுதினபடியே செய்தாள். என் கணவர் இறந்தது என்னால். விசாரிக்காமல் அவள்மேல் பழி போட்டதும் நான். கீழே முழுப் பெயர், பவுனம்மா, ஐசி அடையாள அட்டை எண், தேதி.

அவள் படித்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே மாதிரி புரிந்தது. மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டாள். காலைத் தொட வந்தாள். தொட விடவில்லை.

ஒரு மணிக்குத் தேவா காரில் ஏற்றிக்கொண்டு போனான். வாசலில் நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கவில்லை.

நாலு மணிக்குத் திரும்பி வந்தான். சாவியை ஆணியில் மாட்டினான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தான்.

“என்னாம்மா இது? இப்படியெல்லாமா எழுதிக் குடுப்பாங்க? நாளைக்கு எவனாவது போலீசுல காட்டுனா ஒங்க கதி என்னாவுறது? நல்லவேள, பாஸ்போர்ட் பாக்கும்போது கண்ணுல பட்டுச்சு. வாங்கிட்டேன்.”

“குடுத்துட்டாளா?”

“கொஞ்சம் அழுதா. குடுத்துட்டா.” என் தோளில் கை வைத்தான். “இனிமே ஒண்ணும் இல்லம்மா. நிம்மதியா இருங்க.”

தாளை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டான். அதன்பிறகுதான் தூங்கப் போனான். கதவைச் சாத்தவில்லை. குறட்டை இங்கே கேட்கிறது.

துண்டுகளைப் பொறுக்கி மேசையில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு எழுத்தும் போகவில்லை. பார்த்துப் பார்த்து அப்படியே இரண்டு தாளில் எழுதிவிட்டேன், ஒன்று அனுப்ப, ஒன்று இங்கே வைத்திருக்க. கல்யாணப் பத்திரிகையில் அவள் அம்மாவின் விலாசம் இருக்கிறது. நாளைக்குத் திங்கட்கிழமை, போஸ்ட் ஆபீஸ் திறந்திருக்கும். அந்த ஊருக்குத் தபால் எத்தனை நாளில் போகும், வழியில் யாரும் பிரிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும், எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டுக்கொள்வேன். கேட்க வாய் இருக்கிறது.